ஸாக்ஸன்வால்ட்: ஓர் எழுத்துருவின் வரலாறும் மீட்சியும்

(அச்சுக்கலை பற்றிய பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் எழுத்துருவைப் பற்றி. அதன் பெயர் ஸாக்ஸன்வால்ட். 1930களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவானது. வரைந்தவர் பெர்தோல்ட் வோல்பே. ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த ஒரு யூதர். அவர் வரைந்ததோ, ஜெர்மானியர்கள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்துப் பழகிய, கருமை மிகுந்த, கூர்முனைகள் கொண்ட எழுத்து. அச்சுலகம் இதை பிளாக்லெட்டர் என்கிறது.

இந்த எழுத்தைப் பார்த்ததுமே இன்று பலருக்கு ஹிட்லர் நினைவுக்கு வருகிறார். திரைப்படங்களும் சுவரொட்டிகளும் நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. ஓர் எழுத்தின்மீது ஏற்றப்பட்ட பழி எப்படி வந்தது, அது எவ்வளவு நியாயம் என்று இன்று பார்க்கப்போகிறோம். அத்தோடு இன்னொன்றையும் வற்புறுத்த விரும்புகிறேன். ஓர் எழுத்தை மீட்பது என்றால், அதைப் படிக்கும் கண்ணையும் சேர்த்து மீட்பது என்றுதான் பொருள்.

முதலில் இதன் முன்னோரைப் பார்ப்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வடக்கு ஐரோப்பாவில் நூல் படியெடுப்போரின் கையெழுத்து மெல்ல மாறியது. எழுத்துகள் ஒடுங்கின, நெருங்கின, வட்டங்கள் கோணங்களாயின. வரிகள் நெருக்கமாக நெய்த துணிபோல் தெரிந்ததால் அதற்கு டெக்ஸ்டூரா என்று பெயர் வந்தது. மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் 1455 வாக்கில் 42 வரி பைபிளை அச்சிட்டபோது இந்தக் கையெழுத்தைத்தான் ஈயத்தில் வார்த்தார். ஒரே எழுத்தைச் சில அகலங்களில், கூட்டெழுத்துகளோடும் சுருக்கக் குறிகளோடும் சேர்த்து ஏறத்தாழ 290 அச்சுகள் செய்துகொண்டார். வரியின் இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு.

இத்தாலிய அறிஞர்களுக்கு இந்த எழுத்து பிடிக்கவில்லை. அவர்கள் பழைய வட்ட வடிவக் கையெழுத்துக்குத் திரும்பினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் அன்டிக்வா. இன்று உலகமெங்கும் ஆங்கிலப் புத்தகங்களில் நாம் பார்க்கும் ரோமன் எழுத்து. ஜெர்மன் நாடுகள் வேறு வழியில் போயின. டெக்ஸ்டூராவைவிடச் சற்று உருண்ட ஷ்வாபாக்கர் அங்கே பரவியது. மார்ட்டின் லூதரின் புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் விட்டன்பர்க்கில் வெளிவந்தபோது ஷ்வாபாக்கரில்தான் அச்சானது.

அடுத்து வந்தது ஃப்ராக்டூர். பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் அரண்மனையில் வளர்ந்த எழுத்து இது. அவருடைய பிரார்த்தனை நூல் 1513இல் ஆக்ஸ்பர்க் அச்சாளர் ஷோன்ஸ்பெர்கர் கையால் வந்தது. 1517இல் 'டோயர்டாங்க்' என்னும் காவியம் வந்தது. அதில் எழுத்துகளின் தலையிலும் காலிலும் நீண்ட சுழிகள் ஓடும். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மன் மொழியின் அன்றாட அச்செழுத்தாக ஃப்ராக்டூர் நிலைத்துவிட்டது.

மாணவர்கள் இங்கே சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அகன்ற முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து 'ஓ' என்ற ரோமன் எழுத்தை எழுதுங்கள். டெக்ஸ்டூராவில் அது இரண்டு நெட்டுக் கோடுகள். மேலும் கீழும் சாய்சதுர முனைகள். வளைவு என்பதே கிடையாது. ஃப்ராக்டூரில் இடப்பக்கம் ஒடிந்து நிற்கும்; வலப்பக்கம் வளைந்து இறங்கும். பாதி ஒடிவு, பாதி வளைவு. ஃப்ராக்டூர் பக்கத்துக்கு ஓர் அசைவு இருப்பதாகத் தோன்றுவதற்கு இந்தச் சேர்க்கைதான் காரணம்.

படிக்கும் முறையும் தனி. இந்த எழுத்தில் 'எஸ்' இரண்டு உண்டு. சொல்லின் முதலிலும் நடுவிலும் வருவது நெட்டை எஸ். சொல்லோ அசைப்பகுதியோ முடியும் இடத்தில் வருவது குட்டை எஸ். நெட்டை எஸ் பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும். எஃப்பின் குறுக்குக் கோடு தண்டைக் கடந்து வலப்பக்கமும் நீளும். நெட்டை எஸ்ஸுக்கு அப்படி நீளாது. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

ஆனால் இந்த இரட்டை எஸ் படிப்பவருக்கு உதவவே வந்தது. ஜெர்மன் மொழி சொற்களை ஒட்டிக்கொண்டே போகும். 'வாக்ஸ்டூப' என்று ரோமன் எழுத்தில் வருகிற ஒரே சொல்லைக் காவலர் அறை என்றும் படிக்கலாம், மெழுகுக் குப்பி என்றும் படிக்கலாம். ஃப்ராக்டூரில் அந்த ஐயமே எழாது. நெட்டை எஸ் இருந்தால் காவலர் அறை, குட்டை எஸ் இருந்தால் மெழுகு. சொல் எங்கே பிரிகிறது என்பதை எழுத்தே காட்டிவிடுகிறது.

இன்னும் இரண்டு செய்திகள். 'சி-ஹெச்', 'சி-கே', 'டி-இசட்' ஆகிய இணைகள் ஒரே அச்சாக வார்க்கப்படும். ஒரு சொல்லை அழுத்திக் காட்ட ரோமன் எழுத்துக்காரர்கள் சாய்வெழுத்தைப் போடுவார்கள். ஃப்ராக்டூரில் சாய்வெழுத்து கிடையாது. அதனால் எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டுக் கோப்பார்கள். அப்படி விரிக்கும்போதும் மேலே சொன்ன இணைகளைப் பிரிக்கக் கூடாது. ஓர் அச்சுக்கோப்பாளரின் திறமையை இந்த ஒரு விதியிலேயே எடைபோட்டுவிடலாம்.

இனி சண்டைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அறிஞர்கள் இரண்டு எழுத்துக்கும் இடையில் ஊசலாடினார்கள். அறிவியலுக்கும் லத்தீன் நூல்களுக்கும் ரோமன். பைபிளுக்கும் கவிதைக்கும் ஃப்ராக்டூர். பெர்லின் அச்சாளர் யோஹான் ஃப்ரீட்ரிஷ் உங்கர் சமரசம் தேடினார். பழைய ஃப்ராக்டூரின் கனத்தைக் குறைத்து, வெளிச்சம் கூட்டி, 1793இல் உங்கர்-ஃப்ராக்டூரை வெளியிட்டார். கதேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' நாவல் அந்த எழுத்தில்தான் வந்தது. மகனின் நூல்கள் ஜெர்மன் எழுத்திலேயே வர வேண்டும் என்று கதேயின் தாயார் விரும்பியதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன.

யாக்கோப் கிரிம்மின் நிலை நேர்மாறானது. நாட்டுப்புறக் கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்த அதே கிரிம்தான். ஃப்ராக்டூர் ஜெர்மானியர்களின் தனிச்சொத்து அல்ல, இடைக்கால ஐரோப்பா முழுவதும் எழுதிய கையெழுத்தின் எச்சம் என்பது அவர் வாதம். சகோதரர்களின் பேரகராதி 1854 முதல் ரோமன் எழுத்தில் வெளிவந்தது. எதிர்ப்பக்கத்தில் ஜெர்மன் பேரரசின் சான்சலர் பிஸ்மார்க் நின்றார். ரோமன் எழுத்தில் அச்சான ஜெர்மன் நூல்களை அவர் படிக்க மறுத்தார். 1911இல் இந்த வழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் வரை போனது. ரோமன் எழுத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்ற கோரிக்கை அங்கே ஏற்கப்படவில்லை. எழுத்து அரசியலாகிவிட்ட கதை ஹிட்லருக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

அரசியல் ஒருபுறம் நடக்க, கலை ஒருபுறம் தழைத்தது. அதற்கு ஃப்ராங்ஃபர்ட் அருகிலுள்ள ஆஃபன்பாக் நகரைச் சொல்ல வேண்டும். அங்கே கிளிங்ஸ்போர் சகோதரர்களின் எழுத்து வார்ப்பகம் இருந்தது. 1906இல் அதில் சேர்ந்தவர் ருடால்ஃப் கோக். உலோகத்தில் செதுக்கு வேலை கற்றவர். எழுத்தை மை வடிவமாக மட்டும் பார்க்காமல் கையின் உழைப்பாகப் பார்த்தார். 1910இல் வந்த 'டாய்ச்ச ஷ்ரிஃப்ட்' முதல் 1920களின் 'வில்ஹெல்ம் கிளிங்ஸ்போர் ஷ்ரிஃப்ட்' வரை அவர் வரைந்த பிளாக்லெட்டர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. 1927இல் 'காபல்' என்ற நவீன, சுழியே இல்லாத எழுத்துருவையும் அவர்தான் வரைந்தார். பழமை ஒரு முகாம், புதுமை ஒரு முகாம் என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு கோக்கின் வாழ்க்கையே பதில்.

அந்த கோக்கிடம் பயின்ற மாணவர்களில் ஒருவர்தான் பெர்தோல்ட் வோல்பே. 1905இல் ஆஃபன்பாக்கிலேயே பிறந்தவர். அவரும் உலோக வேலை கற்றவர். அவர் வெண்கலத்தில் வெட்டிய எழுத்துகள் லண்டனில் மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகர் ஸ்டான்லி மோரிசன் கண்ணில் பட்டன. அதன் பயனாகப் பிறந்ததுதான் 'ஆல்பர்ட்டஸ்'. லண்டன் மாநகரின் தெருப் பெயர்ப் பலகைகளில் இன்றும் அந்த எழுத்தைக் காணலாம்.

இதற்குள் ஜெர்மனியில் காலம் மாறிவிட்டது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். வார்ப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு முரட்டு பிளாக்லெட்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 'டானன்பர்க்', 'எலிமென்ட்' போன்றவை அவற்றில் சில. கோக்கின் எழுத்துகளில் இருந்த கையின் ஈரம் இவற்றில் இல்லை. அணிவகுப்பில் நிற்கும் காலணிகள்போல் விறைத்து நிற்கும் எழுத்துகள் இவை. இன்று திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்திருப்பது இந்தச் சில ஆண்டுகளின் எழுத்தைத்தான்; நானூறு ஆண்டு மரபை அல்ல.

1934இல் கோக் மறைந்தார். 1935இல் வோல்பே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1937இல் யூதப் பதிப்பாளர்கள் ஃப்ராக்டூரைப் பயன்படுத்தக் கூடாது என்று கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகம் தடை போட்டது. ஜெர்மன் எழுத்து ஜெர்மானியர்களுக்கே என்பது அதன் உட்கருத்து.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் வோல்பே மோனோடைப்புக்காக ஒரு பிளாக்லெட்டரை வரைந்து கொண்டிருந்தார். ஜெர்மன் சந்தையை மனத்தில் கொண்டு தொடங்கிய வேலை. முதலில் வைத்த பெயர் 'பிஸ்மார்க் ஷ்ரிஃப்ட்'. பிறகு 'ஸாக்ஸன்வால்ட்' ஆனது. ஸாக்ஸன்வால்ட் என்பது ஹாம்பர்க் அருகிலுள்ள காடு. 1871இல் ஜெர்மன் பேரரசர் அதை பிஸ்மார்க்குக்குப் பரிசாகக் கொடுத்தார். எழுத்தைப் பாருங்கள். கனமான நெட்டுக் கோடுகள், வெட்டினாற்போன்ற முனைகள், அளவான சுழிகள். ஆஃபன்பாக்கில் ஆசான் கற்றுக்கொடுத்த கைப்பழக்கம் ஒவ்வொரு எழுத்திலும் தெரிகிறது. எந்த எழுத்தைத் தொடும் உரிமை யூதருக்கு இல்லை என்று பெர்லின் சொன்னதோ, அந்த எழுத்தின் மரபை அதன் சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்ட யூதர் லண்டனில் சீராகத் தொடர்ந்தார். பிளாக்லெட்டர் யாருடையது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

போர் மூண்டதும் ஜெர்மன் சந்தை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. 1940இல் பிரிட்டிஷ் அரசு வோல்பேயையே எதிரி நாட்டவர் என்று பிடித்து ஆஸ்திரேலியாவில் உள்ள ஹே முகாமுக்கு அனுப்பியது. 1941இல் திரும்பிவந்து ஃபேபர் பதிப்பகத்தில் சேர்ந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே 1,500க்கும் அதிகமான நூலட்டைகளை வடிவமைத்தார்.

அதே 1941இல் ஜெர்மனியில் இன்னொன்று நடந்தது. ஜனவரி 3ஆம் தேதி, ஹிட்லரின் ஆணைப்படி நாஜிக் கட்சியின் மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஜெர்மன் எழுத்து என்று கருதப்படுவது உண்மையில் ஷ்வாபாக்கர் யூத எழுத்து; இனி ரோமன் எழுத்தே இயல்பெழுத்து; பள்ளிகளும் அலுவலகங்களும் அதற்கு மாற வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சுற்றறிக்கையின் தாள்தலைப்பே பிளாக்லெட்டரில் இருந்தது. ஷ்வாபாக்கருக்கு யூத மூலம் என்பது வடிகட்டிய பொய். வரலாற்றில் அதற்குத் துளி ஆதாரமும் கிடையாது. பிடித்துவைத்த நாடுகளின் மக்களால் ஃப்ராக்டூரைப் படிக்க முடியவில்லை, ஆட்சியின் அறிவிப்புகள் அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதே நடைமுறைக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள்.

நினைத்துப் பாருங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு யூதர் தொடக்கூடாத எழுத்து. இப்போது யூதரின் எழுத்து. இரண்டு பொய்யையும் சொன்னது ஒரே ஆட்சி. போர் முடிந்த பிறகு உலகம் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது: இது நாஜி எழுத்து என்று. எழுத்து மட்டும் மாறவே இல்லை.

போருக்குப் பின் பள்ளிகளில் ரோமன் எழுத்தே நீடித்தது. ஒரு தலைமுறைக்குள் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா வீட்டு பைபிளைச் சரளமாகப் படிக்க முடியாமல் போயிற்று. தாத்தா எழுதிய கடிதமோ முற்றிலும் புதிராயிற்று. பள்ளிகளில் கற்பித்த பழைய கையெழுத்தும் 1941இல் தடைசெய்யப்பட்டிருந்தது. செய்தித்தாள்களின் பெயர்ப் பட்டைகளிலும் உணவகப் பலகைகளிலும் பிளாக்லெட்டர் ஒதுங்கிக்கொண்டது. ஃப்ராங்ஃபர்ட்டர் ஆல்கமைன நாளிதழ் தன் கருத்துரைகளின் தலைப்புகளை 2007 வரை ஃப்ராக்டூரில் போட்டுவந்தது. கணிதம் படித்தவர்கள் லீ இயற்கணிதங்களைக் குறிக்க இன்றும் ஃப்ராக்டூர் எழுத்துகளையே எழுதுகிறார்கள். ஈயம் போய், ஒளியச்சு வந்து, கணினி வந்தபோது, ஸாக்ஸன்வால்ட் வரைபடமாக மோனோடைப் நிறுவனத்தின் காப்பகத்தில் தங்கிவிட்டது.

2017இல் மோனோடைப் வோல்பேயின் ஐந்து எழுத்துருக்களை மின்வடிவில் மீட்டு வெளியிட்டது. ஆல்பர்ட்டஸ், பெகாசஸ், ஃபேன்ஃபேர், டெம்பெஸ்ட் ஆகியவற்றோடு ஸாக்ஸன்வால்டும் அவற்றில் அடங்கும். மீட்டவர் தோஷி ஓமகாரி என்ற ஜப்பானிய எழுத்துரு வடிவமைப்பாளர். ஜெர்மன் மரபை, யூத ஆசிரியரின் கையிலிருந்து, ஜப்பானியர் ஒருவர் வாங்கி நமக்குக் கொடுத்திருக்கிறார்.

ஈய எழுத்தைக் கணினிக்குக் கொண்டுவருவது படியெடுக்கும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஈய எழுத்து காகிதத்தில் அழுந்தும்போது மை சற்றுப் பரவும், கோடு தடிக்கும். வரைபடத்தில் இருப்பது ஒன்று, பக்கத்தில் தெரிவது வேறொன்று. எதை நம்பி வரைவது? இதுதான் முதல் கேள்வி. வோல்பே காலத்தில் இல்லாத யூரோ குறி போன்றவற்றை அவர் கைப்போக்கில் புதிதாக வரைய வேண்டும், அது இரண்டாவது. இன்றைய வாசகருக்குப் பழைய 'கே', 'எக்ஸ்' போன்ற எழுத்துகள் விளங்குவதில்லை. அவற்றை எளிதாக்கினால் மரபு நழுவும். அப்படியே விட்டால் வாசகர் நழுவுவார். எந்த பிளாக்லெட்டரை மீட்பவரும் இந்தக் கயிற்றின்மேல்தான் நடக்க வேண்டும்.

நெட்டை எஸ்ஸுக்கு யூனிகோடில் தனி இடம் இருக்கிறது. ஆனால் எங்கே நெட்டை, எங்கே குட்டை என்று தீர்மானிக்கச் சொல் எங்கே பிரிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதை எழுத்துரு தானாக முழுதும் செய்துவிடாது; கோப்பவருக்கு மொழியும் விதியும் தெரிய வேண்டும். விதி தெரியாமல் எல்லா இடத்திலும் குட்டை எஸ்ஸைப் போட்டு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடுக்கிய பலகைகளை இன்று எங்கும் பார்க்கலாம். அவற்றில் எழுத்தின் உடல் இருக்கிறது, அறிவு இல்லை. அதனால்தான் படிக்கும் கண்ணையும் மீட்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன்.

ஓர் எதிர்வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறுப்புக் கும்பல்கள் இன்றும் இந்த எழுத்தைப் பச்சை குத்திக்கொள்கின்றன, கொடியில் எழுதுகின்றன. அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதைப் பார்த்ததும் நெஞ்சு பதறுமானால் அந்த வலியை நாம் மதிக்க வேண்டும். எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்ற விவேகம் வடிவமைப்பாளருக்கு வேண்டும். ஆனால் எழுத்தையே அந்தக் கும்பலிடம் விட்டுக்கொடுப்பது, 1937இல் போட்ட தடைக்கு நாமும் கையெழுத்திடுவதாகும். வோல்பே விட்டுக்கொடுக்கவில்லை. நாமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இது ஜெர்மானியர் கவலை, தமிழருக்கு என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். நமக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த போதகர்களும் அனுப்பிய அறிக்கைகளும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பதினெட்டாம் நூற்றாண்டு நெடுக அச்சாயின. அவை ஃப்ராக்டூரில் அச்சானவை. அந்தக் காலத் தஞ்சை நாட்டின் பள்ளிகள், கோயில்கள், மருத்துவம், பஞ்சம், சாதி வழக்கு என்று எத்தனையோ செய்திகள் அவற்றில் உள்ளன. தமிழ் அச்செழுத்தையும் ஹாலேயிலேயே வெட்டித் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள்; 1713இல் அது வந்து சேர்ந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. 1712 முதல் 1714 வரை, சீகன்பால்குவும் அவருடைய உடன் போதகர் க்ருண்ட்லரும் கேட்ட கேள்விகளுக்கு இந்த மண்ணின் தமிழர்கள் தங்கள் கையால் விடை எழுதினார்கள். சமயம், ஒழுக்கம், திருமணம், கல்வி, மருந்து என்று பலவற்றைப் பற்றி 99 கடிதங்கள். அவற்றின் தமிழ் மூலம் இன்று நம்மிடம் இல்லை. ஹாலே அறிக்கைகளில் ஃப்ராக்டூரில் அச்சான ஜெர்மன் மொழிபெயர்ப்பே எஞ்சியிருக்கிறது. 1998இல் அவற்றுக்கு ஒரு நவீன ஜெர்மன் பதிப்பும் வந்தது. ஆனால் சுற்றியிருக்கும் பல்லாயிரம் பக்கங்களைப் பழைய எழுத்திலேயே படித்தாக வேண்டும். கணினி படித்துக்கொடுக்கும் என்று முழுதும் நம்ப வேண்டாம். நெட்டை எஸ்ஸை எஃப் என்று படித்து, நம் ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் அது சிதைத்துவிடுகிறது. அச்சுப் பிழையையும் ஊர்ப் பெயரையும் பிரித்தறியத் தஞ்சாவூர், நாகை வட்டாரம் தெரிந்த தமிழ்க் கண் வேண்டும்.

ஆகவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஜெர்மன் படிப்பவர்கள் இதற்கென்று சில நாள் ஒதுக்குங்கள். ஃப்ராக்டூரைப் படிக்க அதற்கு மேல் தேவையில்லை. வடிவமைப்புப் படிப்பவர்கள் அகன்ற முனைப் பேனாவை எடுத்து இந்த எழுத்துகளை எழுதிப் பாருங்கள். விதியைக் கற்றபின் எழுத்துருவைத் தொடுங்கள். வரலாறு படிப்பவர்கள் ஹாலே அறிக்கைகளை மொழிபெயர்ப்பில் மட்டும் படித்து நின்றுவிடாதீர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் சொன்ன சொற்கள் அந்தக் கறுப்பு எழுத்துக்குள் இருக்கின்றன. அவற்றைப் படித்துத் தமிழுக்குக் கொண்டுவரும் பொறுப்பு நம்முடையது.